ஏறுகிறது, சினை நிற்கவில்லை: ஒரே ரத்தத்தில் வந்த பொலி கிடா

தருமபுரி மாவட்டத்தில் சேலம் கருப்பு வெள்ளாடு வளர்க்கும் வாசகர் ஒருவர், பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். 2018-இல் 12 பெட்டைகளும் 1 கிடாவுமாகத் தொடங்கியவர். இப்போது பட்டியில் 46 பெட்டைகள் நிற்கின்றன. 2022 வரை அந்தப் பழைய கிடாதான் எல்லாவற்றுக்கும் பொலி கிடா, அதாவது இனப்பெருக்கத்துக்கு விடும் ஆண் ஆடு. அதன்பின், அதே கிடாவுக்கும் அதன் சொந்த மகளுக்கும் 2020-இல் பிறந்த கிடாவை விட்டிருக்கிறார். காரணம், குட்டியாக இருந்தபோதே அது மற்றவற்றைவிட நெடிதாக வளர்ந்தது. கடந்த ஓராண்டில் 46 பெட்டைகளில் 19 மட்டுமே ஈன்றன. பிறந்த ஆண் குட்டிகளில் 3-க்கு ஒற்றைக் காய்தான், அதாவது ஒரு விரை மட்டுமே இறங்கியிருக்கிறது. முதலில் வாங்கிய பெட்டைகளில் மிஞ்சியிருக்கும் 7-இல் 2 மட்டும் சினையாயின.

அவர் கேட்பவை இவை. “கிடா நன்றாகத்தான் ஏறுகிறது, பிறகு அதன் மேல் எப்படிக் குறை சொல்வது? ஆட்டுக்கு அம்மா, தங்கை என்று என்ன தெரியும்? கிர் காட்டுச் சிங்கமெல்லாம் உறவுக்குள்தானே பெருகியது? வெளிக்கிடா விட்டால் இனம் கெட்டுவிடாதா? தாது உப்புக் கலவையும் டானிக்கும் கொடுத்தால் சரியாகுமா?” இவற்றோடு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. இதே வழியில் வந்த 2 கிடாக்களைப் பொலிக்கென்று விற்றிருக்கிறார். அதில் ஒருவர் நான்கு மாதமாகத் தன் ஆடுகள் சினையாகவில்லை என்று பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

வயது, தேதி, எண்ணிக்கை எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் உங்கள் பட்டியைப் பற்றித் திட்டமாகப் பேச முடிகிறது. ஏறுவதைப் பற்றிய உங்கள் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற குழப்பங்களும் அங்கிருந்தே வருகின்றன.

கிடா ஏறுவது டெஸ்டோஸ்டீரான் என்ற ஹார்மோனின் வேலை. சினை பிடிக்க வைப்பது விந்தணுவின் வேலை. இரண்டும் விரையில்தான் உருவாகின்றன என்றாலும் வெவ்வேறு செல்கள் செய்பவை. ஒன்று கெட்டு மற்றொன்று நன்றாக இருக்கலாம். இரண்டு காயும் வயிற்றுக்குள்ளேயே நின்றுவிட்ட கிடாகூட நாற்றமடிக்கும், முட்டும், விடாமல் ஏறும். விந்தணு மட்டும் இருக்காது. விந்தணு உருவாக உடல் சூட்டைவிட 4, 5 டிகிரி குறைந்த சூடு வேண்டும், அதற்காகத்தான் விரைப்பை வெளியே தொங்குகிறது.

ஒரு விந்தணு உருவாகக் கிடாவில் ஏறக்குறைய 48 நாள் ஆகிறது. பிறகு விரையை ஒட்டிய எபிடிடிமிஸ் குழலில் சுமார் இரண்டு வாரம் முதிர்கிறது. இந்த இரண்டு மாதத்தில் தலைப்பகுதி சுருங்கி இறுக வேண்டும், முட்டையைத் துளைக்கும் தொப்பி அமைய வேண்டும், நடுப்பகுதியில் ஆற்றல் தரும் நுண்ணுறுப்புகள் சுற்றிக்கொள்ள வேண்டும், வால் முளைக்க வேண்டும். இத்தனைக்கும் ஏராளமான மரபணுக்கள் தேவை. அவற்றில் பல, விரையைத் தவிர உடம்பில் வேறெங்கும் வேலை செய்வதில்லை. ஆகவே அவற்றில் பழுது இருந்தால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. உயரம், மினுமினுப்பு, தீனி எடுப்பது எல்லாம் நன்றாகவே இருக்கும். நெடிதாக வளர்ந்தது என்று நீங்கள் தேர்ந்தெடுத்தது உங்கள் கவனக்குறைவு அல்ல. பார்வையால் பிடிபடாத குறை இது.

உங்கள் பட்டியின் கணக்கு

எல்லா ஆட்டிலும் ஒளிந்திருக்கும் பழுது மரபணுக்கள் சில உண்டு. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என ஒவ்வொரு மரபணுவும் ஜோடியாக வருவதால், ஒன்று பழுதானாலும் மற்றது சமாளித்துவிடும். தாயும் தந்தையும் நெருங்கிய உறவாக இருந்தால், ஒரே மூதாதையின் அதே பழுது இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர வாய்ப்பு கூடுகிறது. அந்த வாய்ப்பைத்தான் உள்இனச்சேர்க்கை விகிதம் என்கிறோம். தந்தைக்கும் மகளுக்கும் பிறந்த குட்டிக்கு அது 25%. அண்ணன் தங்கைக்குப் பிறந்ததற்கும் 25%. தாய் வேறு, தந்தை ஒன்று என்ற ஜோடிக்குப் பிறந்தால் 12.5%.

இப்போதைய கிடா 25%. அது தன் தந்தையின் மற்ற மகள்களோடு சேர்ந்து பிறக்கும் குட்டிகள் 18.75%. தன் தாயோடே சேர்ந்திருந்தால் 37.5%. இவை வாய்ப்பின் அளவுகள், தீர்ப்புகள் அல்ல. 25% உள்ள கிடா ஒன்று நல்ல விந்தோடு இருக்கலாம், 12.5% உள்ளது மலடாகவும் இருக்கலாம். எந்தப் பழுது அந்த வழியில் ஒளிந்திருந்தது என்பதைப் பொறுத்தது அது.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். 46 பெட்டை, 1 கிடா என்றால் பார்க்கப் பெரிய பட்டி. மரபுக் கணக்கில் அது வெறும் 4 ஆட்டுக்குச் சமம். பெட்டை எண்ணிக்கையையும் கிடா எண்ணிக்கையையும் பெருக்கி, 4-ஆல் பெருக்கி, மொத்தத் தலைகளால் வகுத்தால் வரும் விடை இது. 4 என்றால் தலைமுறைக்கு ஏறக்குறைய 13% உறவு கூடும். கிடாவை 2 ஆக்கினால் 6.5%, 4 ஆக்கினால் 3.4%. பெட்டைகளை எத்தனை பெருக்கினாலும் கிடா ஒன்றாகவே இருக்கும்வரை இந்த எண் நகராது.

சிங்கத்தைப் பற்றி

கிர் சிங்கம் பிழைத்தது உண்மைதான். என்ன நிலையில் பிழைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1987-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று மூன்று கூட்டத்து ஆண் சிங்கங்களின் விந்தை ஒப்பிட்டது. ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் பெரிய கூட்டமாகக் கலந்து வாழும் சிங்கங்களில் வடிவம் கெட்ட விந்தணு நூற்றுக்கு 25 அளவில் இருந்தது. 1962-இல் ரத்தம் குடிக்கும் ஈக்களால் பெரும்பாலும் அழிந்து, எஞ்சிய சிலவற்றிலிருந்து பெருகிய ங்கொரொங்கொரோ எரிமலைப் பள்ளத்துச் சிங்கங்களில் 50. கிர் சிங்கங்களில் 66. கிர் சிங்கங்களில் டெஸ்டோஸ்டீரானும் குறைந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் கம்பீரமான சிங்கங்கள்தான்.

உங்கள் பட்டியோடு அப்படியே பொருந்தும் கதை அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் நடந்தது. அங்கே பூமா எனப்படும் மலைச் சிங்கங்கள் 1990-களின் தொடக்கத்தில் 20, 30-ஆகக் குறைந்து தனித்துப்போயின. வால் நுனி மடங்கிப் பிறந்தன, சிலவற்றுக்கு இதயத்தில் ஓட்டை, பல ஆண்களுக்கு ஒரு விரை இறங்கவில்லை. விந்தணுவில் நூற்றுக்கு 90-க்கும் மேல் வடிவம் கெட்டவை. 1995-இல் டெக்சாஸிலிருந்து 8 பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். 5 மட்டுமே குட்டி போட்டன. அந்தக் கலப்பில் பிறந்த தலைமுறையிலேயே இந்தக் குறைகள் வெகுவாகக் குறைந்தன, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் எண்ணிக்கை மும்மடங்கானது.

வீட்டு விலங்கிலும் இப்படித்தான். நெதர்லாந்தில் 285 ஷெட்லாண்ட் குட்டைக் குதிரைகளின் விந்தைச் சோதித்தபோது, உறவு விகிதம் 2% தாண்டியவற்றிலேயே நீந்தும் அணுக்களும் சரியான வடிவம் கொண்டவையும் குறைந்திருந்தன. ஸ்பெயினில் அடைப்பில் வளர்க்கப்பட்ட குவியர் மான்களிலும் உறவு நெருங்க நெருங்க விந்துத் தரம் இறங்கியது.

நீங்கள் எதிர்க்கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். இங்கிலாந்தின் சில்லிங்ஹாம் காட்டு மாடுகள் சுமார் 300 ஆண்டுகளாக வெளி ரத்தம் இல்லாமல் வாழ்கின்றன. 1947 கடுங்குளிரில் 13-ஆகக் குறைந்தும் மீண்டன. பழுதுகளைச் சுமந்தவை தலைமுறை தலைமுறையாகக் கழிந்துபோய், தாங்கியவை மிஞ்சின என்பது ஒரு விளக்கம். ஆனால் அப்படிக் கழிந்துபோக ஒரு மந்தை கொடுத்த விலையை, குட்டி விற்றுப் பிழைக்கும் குடும்பம் கொடுக்க முடியாது. ஒன்று மீண்டது நம் கண்ணில் படுகிறது, தடமில்லாமல் அழிந்த மந்தைகள் படுவதில்லை.

ஆட்டுக்கு உறவு தெரியாது என்பது சரி. காட்டில் அதற்கு வேறு ஏற்பாடு இருக்கிறது. வயதுக்கு வந்த ஆண் சிங்கம் பிறந்த கூட்டத்திலிருந்து துரத்தப்படுகிறது, ஆண் யானை மந்தையை விட்டு விலகுகிறது. பட்டியில் வேலி போட்டு அந்த வழியை அடைத்தது நாம். ஆகவே விலக்கி அனுப்பும் வேலையும் நம்முடையதாகிறது.

ஆனாலும், இப்போதே முடிவு கட்ட வேண்டாம்

உங்கள் கடிதத்தில் உறவைத் தவிர வேறு காரணங்களும் கிடக்கின்றன. ஒரு கிடாவுக்கு 20 முதல் 25 பெட்டைதான் கணக்கு, நீங்கள் 46 விட்டிருக்கிறீர்கள். ஒரே வாரத்தில் பல பெட்டைகள் பருவத்துக்கு வந்தால் நல்ல கிடாவே திணறும். பழைய 7 பெட்டைகள் கிடாவுக்கு நெருங்கிய உறவில்லாதவை (ஒன்று மட்டும் அதன் பாட்டியாக இருக்கலாம்). அவற்றிலும் 2 மட்டுமே சினையானது கிடாவின் விந்தைச் சந்தேகிக்க வைக்கிறது. ஆனால் அவை எட்டு வயது தாண்டியவை, வயதாலும் சினை குறையும். கத்திரி வெயில், காய்ச்சல், கோமாரி, புருசெல்லா நோயால் விரை வீங்குவது, துத்தநாகமும் வைட்டமின் ஏ-யும் குறைவது எல்லாமே விந்தைக் கெடுப்பவை. இவற்றில் பல சரியாகக் கூடியவை. அதனால் கிடாவைக் கறிக்கு அனுப்பும் முன் சோதித்துவிடுங்கள். செலவு குறைவு, விடை தெளிவு.

முதலில் கையால் பாருங்கள். கிடாவை நிற்க வைத்து, பின்னாலிருந்து இரண்டு விரையையும் கீழே இழுத்துப் பிடியுங்கள். இரண்டும் ஒரே அளவில், விரலால் அழுத்தினால் திமிறும்படி இறுக்கமாக இருக்க வேண்டும். தொளதொளவென்றோ கல்போலவோ இருந்தால் கோளாறு. ஒவ்வொன்றின் அடியிலும் எபிடிடிமிஸின் வால் தனிக் குமிழாகத் தட்டுப்பட வேண்டும். அகலமான இடத்தில் தையல் டேப் சுற்றி அளந்து, அதே வயதும் எடையும் உள்ள இரண்டு மூன்று வெளிக்கிடாக்களோடு ஒப்பிடுங்கள்.

அடுத்தது விந்துச் சோதனை. உங்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டும் தூரம்தான், முன்கூட்டிப் பேசிவிட்டுக் கிடாவைக் கொண்டுபோங்கள். ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை எடுக்கச் சொல்லுங்கள். 0.5 முதல் 1.5 மில்லி வரை, பாலேடு போலத் திடமாக இருப்பது நல்லது. நூற்றுக்கு 70 அணுக்களாவது நீந்த வேண்டும், வடிவம் கெட்டவை 20, 30-ஐத் தாண்டக் கூடாது. அதோடு புருசெல்லாவுக்கு ரத்தப் பரிசோதனையும் செய்யுங்கள். அது மனிதருக்கும் தொற்றும், ஆகவே முடிவு வரும்வரை கருச்சிதைவுக் கழிவையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள்.

முதல் முடிவு மோசமாக இருந்தால் 60 நாள் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். வெயிலாலோ காய்ச்சலாலோ கெட்டிருந்தால் அதற்குள் புதிய அணுக்கள் வந்து எண்கள் ஏறும். மரபால் கெட்டது 60 நாளில் மாறாது. வெயில் காலத்தில் எடுத்த ஒரே சோதனையை வைத்து எந்தக் கிடாவையும் கழிக்காதீர்கள்.

பட்டியிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. காவிப்பொடியைக் கடலை எண்ணெயில் குழைத்துக் கிடாவின் நெஞ்சில் பூசுங்கள். எந்தப் பெட்டையின் முதுகில் சாயம் படுகிறதோ, அதன் காது எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டரை வாரத்துக்கு ஒருமுறை சாய நிறத்தை மாற்றுங்கள். வெள்ளாட்டின் பருவச் சுழற்சி 21 நாள். பெரும்பாலான பெட்டைகள் சரியாக 21-ஆம் நாள் ஒட்டித் திரும்பினால், கரு உண்டாகவே இல்லை என்று பொருள், கிடாவைப் பாருங்கள். 25, 30, 35 நாள் என்று தாறுமாறாகத் திரும்பினால், கரு உண்டாகிக் கலைகிறது. அது நெருங்கிய உறவில் உண்டான கருவாக இருக்கலாம், நோயாகவும் இருக்கலாம்.

டானிக் கொடுக்கலாமா?

தாது உப்புக் கலவை கொடுங்கள், அது எல்லா ஆட்டுக்கும் நல்லது. குறைபாடு இருந்தால் விந்து மேம்படும். ஆனால் பிறப்பிலேயே இரண்டு பக்கமும் பழுதான மரபணுவை எந்த உப்பும் திருத்தாது. ஹார்மோன் ஊசியைத் தவிருங்கள். டெஸ்டோஸ்டீரான் ஊசி ஏறும் வேகத்தைக் கூட்டும், விந்து உற்பத்தியையோ அடக்கிவிடும்.

இதே கிடாவை உறவில்லாத பெட்டைகளோடு சேர்த்தால் சரியாகுமா என்றும் உங்கள் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். அதன் விந்து சரியாகாது. ஓர் ஆணின் விந்துத் தரத்தை முடிவு செய்வது அதன் தாயும் தந்தையும் என்ன உறவு என்பதே தவிர, அது யாரோடு சேர்கிறது என்பதல்ல. இதன் மறுபக்கம்தான் உங்களுக்கு ஆறுதலான செய்தி. உங்கள் பெட்டைகள் எவ்வளவு உறவில் பிறந்திருந்தாலும், உறவே இல்லாத கிடாவோடு சேர்ந்தால் பிறக்கும் குட்டியின் உறவு விகிதம் பூஜ்யம். ஏழாண்டில் சேர்ந்தது ஒரே ஈத்தில் கழிகிறது. பட்டியை விற்றுவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா என்று எழுதியிருந்தீர்களே, தேவையே இல்லை.

இனம் கெடும் என்ற பயமும் வேண்டாம். இனத்தூய்மை வேறு, குடும்பத்துக்குள் சேர்ப்பது வேறு. சேலம், கிருஷ்ணகிரி, நாமக்கல் பக்கமெல்லாம் சேலம் கருப்பு இருக்கிறது. அங்கிருந்து உறவில்லாத சேலம் கருப்புக் கிடாவைக் கொண்டுவந்தால் இனம் அப்படியே நிற்கும்.

புதுக்கிடா, புது ஒழுங்கு

இரண்டு கிடாக்கள் வாங்குங்கள், இரண்டும் வெவ்வேறு ஊரிலிருந்து. உங்களிடம் குட்டி வாங்கியவர்களின் பட்டியிலிருந்து வேண்டாம், உங்கள் ரத்தமே சுற்றி வந்துவிடும். முடிந்தால் தாயையும், ஒட்டிப் பிறந்ததையும் பாருங்கள். மேலே சொன்ன கைச்சோதனையை வாங்கும் இடத்திலேயே செய்யுங்கள். மோழைக் கிடா, அதாவது கொம்பில்லாததை, மோழைப் பெட்டைகளோடு சேர்க்காதீர்கள். வெள்ளாட்டில் கொம்பின்மைக்குக் காரணமான மரபணு இரு பக்கமும் சேர்ந்தால், பெண்ணாகப் பிறக்க வேண்டிய குட்டி ஆணும் பெண்ணும் கலந்த மலடாகப் பிறக்கும். வந்த கிடாக்களை 30 நாள் தனியே கட்டி, குடற்புழு நீக்கம், ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி முடித்தபின் சேருங்கள். ஒரு வயதுக் கிடாவுக்கு முதல் பருவத்தில் 10 பெட்டைக்கு மேல் வேண்டாம்.

பெட்டைகளை இரண்டு குழுவாகப் பிரித்துக் காதில் எண் வளையம் போடுங்கள். மகள்கள் தாயின் குழுவிலேயே வளரட்டும். அவை பருவத்துக்கு வருமுன் கிடாக்களைக் குழு மாற்றுங்கள். அதன்பின் பிறக்கும் மகள்கள் பருவத்துக்கு வருமுன் இரண்டையும் விற்றோ மாற்றியோ புதியவை கொண்டுவாருங்கள். பலரும் தவறவிடுவது ஆண் குட்டிகளை: நான்கைந்து மாதத்திலேயே அவற்றால் சினையாக்க முடியும். நான்காம் மாதம் தொடங்குமுன் பிரித்துவிடுங்கள் அல்லது காயடித்துவிடுங்கள். நீங்கள் எழுதிய பதிவேட்டில் தந்தை தெரியாத குட்டிகள் இப்படி வந்தவையாகவே இருக்கும்.

ஒற்றைக் காய் குட்டிகள் மூன்றையும் கறிக்கு மட்டும் வளருங்கள். வெள்ளாட்டுக் குட்டிக்குப் பிறக்கும்போதே இரண்டு விரையும் இறங்கியிருக்க வேண்டும், பிறகு இறங்கும் என்று காத்திருப்பதில் பயனில்லை. வெளியே உள்ள ஒரு காயை மட்டும் நசுக்கினால், உள்ளே இருப்பது ஹார்மோன் சுரந்துகொண்டே இருக்கும், நாற்றமும் முட்டலும் போகாது. இளசாகவே விற்பது நல்லது. ஒற்றைக் காய் கிடாவால் சினையாக்க முடியும் என்பதுதான் ஆபத்து, குறையைப் பரப்பிவிடும். அவற்றின் தாய்களைப் பதிவேட்டில் குறித்து வைத்து, அவற்றின் ஆண் குட்டிகளைப் பொலிக்கு நிறுத்தாதீர்கள்.

விற்ற கிடாக்கள்

உங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்றாலும், பொலிக்கென்று சொல்லித்தான் விற்றிருக்கிறீர்கள். குறிப்பிட்ட வேலைக்கென்று சொல்லி, அந்தத் தொழிலில் உள்ளவரை நம்பி வாங்கும் பொருள் அந்த வேலைக்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்று 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்கிறது. வழக்கு என்று போனால் உங்கள் நிலையை வழக்கறிஞர்தான் சரியாகச் சொல்ல முடியும். அவ்வளவு தூரம் போக விடாதீர்கள். அந்தக் கிடாவையும் உங்கள் கிடாவோடு சேர்த்தே சோதனைக்குக் கொண்டுபோங்கள், செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அவர் எத்தனை பெட்டைக்கு விட்டார், காய்ச்சல் வந்ததா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 60 நாள் இடைவெளியில் இரண்டு சோதனையும் தோற்றால், கறி விலைக்குத்தான் போகும் அந்தக் கிடாவைத் திரும்ப எடுத்துக்கொண்டு, அவர் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் அல்லது புதுக்கிடா வழியில் வரும் குட்டியொன்றைத் தருவதாக எழுதிக் கொடுங்கள். இன்னொருவர் இதுவரை குறை சொல்லவில்லை என்றாலும், நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்கள். அவர் அந்தக் கிடாவின் மகள்களை அதற்கே விடுவதற்குள் செய்தி போய்ச் சேர வேண்டும்.